பைண்டிங்குக்குப் போன புத்தகம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் சிவில் படித்தவளுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

1. ஆளில்லாத ரயில்வே கேட்டில் என் மாமா இறந்தார்.
2. எம்.பி. வீட்டுக்கு வந்து, இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்பேன் என்றார்.
3. அவர் கேட்கவில்லை என்று நான் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன்.
4. அவர் கேட்டிருந்தார்.
5. கேட் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் ஒரு வாசனை. போன வாரம் ஆபீசுக்குப் போக திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மைதாப் பசை மூக்கில் ஏறியது. தேர்தல் வந்தால் எங்கள் ஊருக்கு முதலில் வருவது தலைவர்கள் இல்லை, இந்த வாசனைதான். சுவரில் ஈரம் காயாத போஸ்டர். பழைய எம்.பி. மறுபடியும் நிற்கிறார். கைகூப்பிய படத்துக்குக் கீழே, “ரயில்வே கேட்டுக்காக நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பியவர்” என்று போட்டிருந்தது. குரல் எழுப்பவில்லை. எழுத்து மூலமான கேள்வி அது. இந்த ஜில்லாவில் இதை என்னைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஆனால் நான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கும் காரணம் நானேதான்.

ஒரு காலத்தில் நானும் பசை காய்ச்சியிருக்கிறேன். மெட்ராஸில் ஹாஸ்டல் அறையில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், வார்டனுக்குத் தெரியாமல். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடவேண்டும். அறைத்தோழி, “என்னடி, களி கிண்டறியா?” என்பாள். பத்திரிகையில் எம்.பி.யின் பெயர் வந்த துண்டுகளை வெட்டி, அந்தப் பசையால் அட்டைகளில் ஒட்டுவேன். அட்டைகள் பழைய கல்யாணப் பத்திரிகைகள். பின்பக்கம் வெற்றாக இருக்குமே, அதற்காகச் சேர்த்தவை. எங்கள் எம்.பி.யின் நாடாளுமன்ற வாழ்க்கை முழுவதும் யார் யாருடைய சுபமுகூர்த்தத்துக்கோ பின்னால் எழுதப்பட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருக்கோவிலூர் சாலையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் மண்பாதையை மீட்டர்கேஜ் தண்டவாளம் குறுக்கே வெட்டும். கேட்டே இல்லாத இடத்துக்கு ஆளில்லாத கேட் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. ஒரு தை மாதக் காலை, கரும்பு ஏற்றிய வண்டியின் சக்கரம் தண்டவாளத்துக்கும் கல்லுக்கும் நடுவே இறங்கிவிட்டது. ரயில் வரும் புகை தெரிந்தது. மாமா ஓடியிருக்கலாம். மாடுகளை அவிழ்த்துவிட்டார். முதல் மாடு விலகி ஓடிவிட்டது. இரண்டாவதன் கயிறு முடிச்சு விழுந்திருந்தது. அதுவும் பிழைத்தது.

பத்தாம் நாள் எம்.பி. வந்தார். பாயில் உட்கார்ந்தார், காபி வேண்டாம் என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மாமாவின் மனைவி சரோஜா அத்தையிடம், “பார்லிமெண்ட்ல இத நான் உடமாட்டேன்மா. கேள்வி போட்டு கேட் வாங்கித் தரேன். உம் புள்ளைங்க பயமில்லாம ஸ்கூலுக்குப் போவும்” என்றார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்பாள்: “இன்னாடி, கேட்டுட்டாராமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சனிக்கிழமைகளில் மெட்ராஸின் பெரிய நூலகம் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தேன். நாடாளுமன்ற விவாதங்கள் தடித்தடியாக, பல மாதம் தாமதமாக அங்கே வரும். ஒவ்வொரு நாள் கூட்டத்துக்கும் ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: பேச்சு, கேள்வி, வாக்கு.

பேச்சுக் கட்டத்தில் கொஞ்சம் சேர்ந்தது. ஒரு முறை கரும்பு விலை பற்றி. ஒரு முறை யாரோ அமைச்சரைப் பாராட்டி. ஒரு முறை எழுந்து நின்று, நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், அதையும் அச்சடித்திருந்தார்கள். வாக்குக் கட்டம்தான் என்னை ஏமாற்றியது. முக்கால்வாசித் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகிறது. யார் ‘ஆம்’ என்றார், யார் ‘இல்லை’ என்றார் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பெயர் பெயராகப் பிரித்து எண்ணும்போது மட்டும்தான் பட்டியல் வரும். நம் பிரதிநிதி எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியே இல்லை என்பது எனக்குப் பத்தொன்பது வயதில், காற்றாடி ஓடாத ஒரு மேசையில் புரிந்தது.

இரண்டு வருடம் இப்படிக் குறிப்பு எடுத்தேன். ரயில்வே கேட் எங்கும் இல்லை. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. நூலகர், “அது பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா, அடுத்த மாசம் வா” என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். எனக்குப் பரீட்சை வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் வரும் நாட்களின் அட்டைகளை வெறுமையாக விட்டுவைக்க மனம் வரவில்லை. காலிக் கட்டம் கண்ணில் பட்டால் எனக்கு உறுத்தும். கேள்விக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். பார்க்காததையும் இல்லாததையும் ஒரே எண்ணால் எழுதினேன். சர்வே வகுப்பில் இதைச் செய்திருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும், திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நானே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் போட்டேன். “நமது எம்.பி. நாடாளுமன்றத்தில் செய்தது என்ன?” என்று தலைப்பு. கடைசி வரி: “ரயில்வே கேட் பற்றிய கேள்விகள்: 0.” அந்தப் பூஜ்யத்தை நல்ல வட்டமாகக் கையால் வரைந்தேன் என்பதை இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது. பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்று அத்தையும் நோட்டீஸ் கொடுத்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பூஜ்யம் தெரியும்.

அடுத்த வாரம் தேரடியில் எம்.பி.யின் கூட்டம். அவருக்கு உள்ளூரில் எல்லாமுமாக இருந்தவர் பழனி என்ற கான்ட்ராக்டர். அவர் மைக்கில் என் நோட்டீசைப் படித்துவிட்டு, பெண்கள் பக்கம் பார்த்தார். “இத எழுதின பொண்ணு வந்துருக்குதா? வாம்மா மேல. ஒன்னும் பயப்படாத, நாங்க கேள்விதான் கேப்போம்.” சிரிப்பு. அத்தை என் முதுகில் கைவைத்து, “போடி, சொல்லு” என்று தள்ளினாள்.

மேடையில் அவர் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “இந்த புக்க நீ பாத்தியா?”

“இல்லைங்க. அது பைண்டிங்குக்குப் போயிருந்துச்சு.”

“கேட்டுக்கங்க! படிக்காத புக்குக்கு மார்க் போட்டுருக்குது பொண்ணு!”

தேரடி முழுவதும் சிரித்தது. எம்.பி. சிரிக்கவில்லை. பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டி, “படிம்மா. தமிழ்ல சொல்லு எல்லாருக்கும்” என்றார், பாடம் கேட்பவர் மாதிரி. படித்தேன். எங்கள் கேட்டின் பெயர், விபத்து நடந்தது அரசுக்குத் தெரியுமா, கேட்டும் ஆளும் போடும் உத்தேசம் உண்டா, உண்டென்றால் எப்போது. எல்லாம் இருந்தது. கைதட்டல். யாரோ மாலை கொண்டுவந்தார்கள். கைதட்டல் நடுவேதான் கண் கீழே இறங்கியது. அமைச்சரின் பதில் மூன்று வரி. அ: ஆம். ஆ: ஒரு வாரப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது, ஆள் நியமிக்கும் அளவுக்கு வண்டிகள் செல்லவில்லை. இ: கேள்வி எழவில்லை. அதாவது, போடப்போவதே இல்லை, எப்போது என்று கேட்க இடமில்லை.

“பதிலும் இருக்குங்க” என்றேன். மைக் அதற்குள் பழனி கையில் இருந்தது. “அதான் கேட்டாருன்னு உன் வாயாலயே ஆச்சே! எறங்கும்மா.”

மறுநாள் பயணியர் விடுதிக்குப் போய், மேசையில் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து எம்.பி.யிடம் அதே பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். அவர் அந்தப் பதிலைப் படிப்பது அதுதான் முதல் தடவை என்று அவர் உதடு அசைந்த விதத்திலேயே தெரிந்தது. “ஓ… அப்படி சொல்ட்டாங்களா? சரி, அடுத்த செஷன்ல பாத்துக்கலாம்மா.” அடுத்த செஷனுக்கு முன்னால் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

கணக்கெடுத்த வாரம் எது என்று பதிலில் இருந்தது. பழைய காலண்டரை எடுத்துப் பார்த்தேன். கார்த்திகை தீபத்து வாரம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த வாரம் எங்கள் பக்கத்து மாடுகளும் வண்டிகளும் ஊரில் இருக்காது. எல்லாம் திருவண்ணாமலை மாட்டுச் சந்தையில் நிற்கும். வயலிலும் வேலை இருக்காது. அத்தையிடம் கேட்டேன்.

“ஆமாண்டி, ஒரு ஆளு வேப்பமரத்துக்குக் கீழ ஒக்காந்து நோட்டுல கோடு போட்டுக்கினு இருந்தாரு. வெயில்ல பாவமா இருந்துச்சு, மோர் குடுத்தேன். அதுக்கு முந்தின நாளுதான நம்ம மாட்டையும் சந்தைக்கு ஓட்டிக்கினு போனாங்க.”

மாமா அவிழ்த்துவிட்ட இரண்டு மாடுகளும் அந்த வாரம்தான் விலைபோயின. அவையும் அந்தக் கணக்கில் இல்லை.

இதையெல்லாம் எழுதி இரண்டாவது நோட்டீஸ் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் கையில் வாங்காமலேயே சொன்னார்: “மொதல்ல ஒன்னு குடுத்த, பொய்யாப் போச்சு. அவரு கேட்டுட்டாரும்மா, இன்னும் இன்னாத்துக்கு ஜாஸ்தி பேசற?” எங்கள் ஊர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு பதிலைப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. கேள்வி எழவில்லை.

அத்தை அதற்குப் பிறகு என்னிடம் கேட்டைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது எனக்கு அரசாங்க ஆபீசில் வரைவாளர் வேலை. காலிக் கட்டத்தில் காலி என்றே எழுதுகிறேன். அட்டைகளில் பாதியைக் கரையான் தின்றது. மயில்துத்தம் போதவில்லை போலிருக்கிறது. கணக்கெடுத்த ஆள் உட்கார்ந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். சந்தைக்குப் போகும் வண்டிகள் வருடா வருடம் கம்மியாகின்றன; டிராக்டர் வந்துவிட்டது. கரி இன்ஜினும் குறைந்து டீசல் வருகிறது. கரி இன்ஜினென்றால் தூரத்திலிருக்கும் கொல்லிமேட்டைத் தாண்டும்போதே புகை தெரியும். டீசல் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது.

அத்தை தண்டவாளத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலை இரும்பின் மேல் வைத்து நிற்கிறாள். அதிர்வு காலுக்குத் தெரியுமாம். பிறகு கடக்கிறாள்.

இன்றைய தேதியில் அந்த இடத்தில் கேட் இல்லை. ஆள் இல்லை. நின்று பார்த்துப் போகச் சொல்லும் பலகை ஒன்று இருக்கிறது. அதன் மேல் புதுப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.