புத்தகத்துக்குப் பொம்மை தேடி வந்தவர்

அந்த ஆளைப் பற்றித் தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலை.

வெள்ளைக்காரன் காலத்தில், வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் அய்யனார் கோயிலுக்கு மோட்டாரில் ஒருவர் வந்தார். நம் தேசத்துக் கலைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறாராம். பட்டு அங்கவஸ்திரம், மூக்கு நுனியில் கண்ணாடி. எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையில் விரலைத் துடைப்பார்.

என் மகன் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் தேறியிருந்தான். அவனுக்காக வேண்டிக்கொண்ட மண்குழந்தையை அன்று காலையில்தான் சாமி முன்னால் வைத்திருந்தேன். வைத்ததை எடுத்தால் நோய் திரும்பி வரும் என்பார்கள். அந்த மனிதர் நேராக அதையே தூக்கினார்.

"ஏனுங்க, அது என்ற பையனுக்கு வெச்சதுங்க. எடுத்தா சீக்கு திரும்பிருமுங்க."

"சாமியாவது, சீக்காவது! எல்லாம் மூடநம்பிக்கை. இது கலை அம்மா. மழையில் கரைந்துபோகும். என் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்."

அழுதால் இவர் இரங்கமாட்டார், வெறும் காய்ச்சலுக்குப் பயப்படவும் மாட்டார் என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"அப்பச் சரி, கொண்டு போங்க சாமி. பையனுக்கு வந்தது வாந்திபேதிங்க. அதத்தான் அதுல எறக்கி வெச்சிருக்கறோம்."

பொம்மை இருந்த இடத்துக்கே போனது. மோட்டார் கிளம்பும்வரை அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனக்கா, ரொம்பப் படிச்சவராமா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள்.

"ஆமா புள்ள. சாமி இல்லவே இல்லையாமா. அந்தச் சாமிகிட்ட எறக்கி வெச்ச பேதி மட்டும் இருக்குதாமா" என்றேன்.