அத்தான் குளித்த வெந்நீர்

இன்று காலை ஆனைக்கரையில் அக்கா வீட்டில் இருந்தேன். கோயிலுக்குப் புறப்படும் நேரம். குளிக்கப் போன அத்தான் வெளியே வரவே இல்லை.

தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கதவைத் தட்டினாள். "ஏங்க, பூசைக்கு நேரமாச்சு."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

நான் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. அத்தான் சுவரில் சாய்ந்து சரிந்திருந்தார். கண் சொருகியிருந்தது. அவர் தலைக்கு மேலே கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. குளிர்காற்று வராமல் இருக்க, வெண்டிலேட்டரை அவரே அட்டை வைத்து அடைத்திருந்தார்.

இருவருமாக அவரை முற்றத்துக்கு இழுத்து வந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முனகினார். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள்.

"காத்தில்லாத அறையில கேஸ் எரிஞ்சா வர்ற விஷவாயுவுக்கு மணமே கிடையாது. ஹீட்டரைக் குளியலறைக்கு வெளிய மாட்டுங்க, காத்து வர்ற வழிய அடைக்காதீங்க" என்றார் டாக்டர்.

சாயங்காலம் தெளிந்ததும் அத்தான் கேட்டார்: "வெளிய மாட்டுனா மழையில கெட்டுப் போகாதா?"

"கெட்டா வேற வாங்கலாம்" என்றாள் அக்கா. "ஒங்கள எங்க போயி வாங்குறது?"

உங்கள் வீட்டு ஹீட்டர் எங்கே இருக்கிறது? லைக் போடுவதற்கு முன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.