கழுத்தில் தொங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் லயத்து வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குக் கிடைத்த மரியாதை எனக்குக்கூடக் கிடைத்ததில்லை. ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த சித்தப்பா, பழைய பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துக் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மலை வளைவுகளுக்குப் பயந்து அதற்கு சீட் பெல்ட் வேறு. அம்மா எது முகம், எது முதுகு என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குங்குமம் வைத்தாள். லோரியோ மிக்சியோ, குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் ஓடாது.

கம்ப்யூட்டர் அக்காவுக்காக வந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தவள் கோலாலம்பூர் போய்ப் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தோட்டத்தில் தேயிலை லோரி ஓட்டிய அப்பாவுக்கோ அவளை மலையை விட்டு இறக்க மனமில்லை.

"இப்ப எல்லாம் ஆன்லைன்லயே படிக்கலாம் லா. வீட்டுலயே இருந்து படி" என்று முடித்துவிட்டார். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சித்தப்பா பெட்டியில் இருந்த பழையதையெல்லாம் அழித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இனிப் புது சிஸ்டம் ஏத்தணும். ஹோம் இருக்கு, புரோ இருக்கு. எதைப் போடறதுண்ணே?"

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"ஹோம் வீட்டுக்குப் போதும். புரோ ஆபீசுக்கு."

"அப்ப ஹோமே போடு. அவ வீட்டுலதானே இருக்கப் போறா."

புரோவில் கேம் அதிகம் இருக்கும் என்று நானாகவே நம்பி அதற்காக வாதாடினேன். யாரும் காதில் வாங்கவில்லை. இன்ஸ்டால் ஆகி முடிவதற்குள் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அம்மா பெட்டிக்குக் குளிருமே என்று துண்டைப் போர்த்திவிட, சித்தப்பா பதறி எடுத்தார். "அதுக்குச் சூடுதான் ஆகாது அண்ணி!"

அப்போதுதான் அக்கா மெதுவாகக் கேட்டாள். "போன்ல சொன்னீங்களே சித்தப்பா, அது?"

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "இதுவும் ஹோம் மாதிரி ஒரு சிஸ்டம்தான், லினக்ஸ். பெட்டியில ஏத்தவே வேணாம். எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் ஓடும். உன் பைல் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கும்."

"இவ்ளோ பெரிய பெட்டி இருக்கு, இது எதுக்கு?" என்றார் அப்பா.

"ஸ்பேரா இருக்கட்டும்பா" என்றாள் அக்கா.

ஸ்பேர் டயர் இல்லாமல் மலை இறங்காத மனிதர் அதற்கு மேல் என்ன சொல்வார்? தலையாட்டினார்.

அன்றிலிருந்து அக்கா அதைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சொருகுவாள், படிப்பாள், உருவிக்கொண்டு எழுந்துவிடுவாள். முழு ஹோமையும் எனக்கு விட்டுக்கொடுத்து, விரல் நீளத் துண்டோடு திருப்திப்படுகிறாளே என்று அவள் மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

சில மாதம் கழித்து, ஈப்போவில் சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் காரிலேயே கிளம்பினாள். அப்பா சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார். "கம்ப்யூட்டர் இங்க இருக்கு. எத்தனை நாளைக்கு இருப்பா? ஓடி வந்துருவா."

அம்மா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு அந்தப் பென்டிரைவிலும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள். "புதுசுக்குத்தானே வைப்பீங்க, அதுதான் பழசாச்சே!" என்று நான் சிரித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளைக்குப் போய் எதற்கு அழுகை?

அந்தக் கார் ஈப்போவில் நிற்காமல் கோலாலம்பூர் வரை போனதும், தீபாவளிக்குத் தீபாவளிதான் அக்கா இனி வருவாள் என்பதும், அப்பாவைப் போலவே எனக்கும் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்கு ஒரே சந்தோஷம், இனி கம்ப்யூட்டருக்குப் போட்டியே இல்லை என்று. அக்கா கார் ஜன்னலிலிருந்து கையசைத்துக்கொண்டே இருந்தாள். கார் வளைவு திரும்பும் முன்பே நான் உள்ளே ஓடிக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டேன்.