கணக்கில் ஐம்பத்திரண்டு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அம்மை போட்டுவிட்டது. தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுதி முடித்திருந்தேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நெற்றியில் ஒரே ஒரு கொப்புளம். விடிந்து பார்த்தால் முகம், கழுத்து, கை எல்லாம்.

"வூட்டுலயே கெட. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார் அப்பா. நான் அழுதேன். அம்மா ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து என் கையில் கொடுத்து, ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். அங்கே எனக்கு மட்டும் தனி அறை. கண்காணிக்க வந்தவர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜுரத்தில் எண்கள் தாளைவிட்டு எழும்பி எழும்பி இறங்கின. தெரிந்த கணக்கையே மூன்று முறை அடித்துவிட்டு எழுதினேன். அறிவியலும் அப்படித்தான் போயிற்று.

ரிசல்ட் வந்தது. கணக்கில் ஐம்பத்திரண்டு. அறிவியலில் ஐம்பத்தெட்டு. பெயிலாகியிருந்தால் மறுபடி எழுதியிருக்கலாம். பாஸானவளுக்கு அந்த வழியும் இல்லை.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தை ஒட்டி, கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கொத்தனார். அம்மா மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பிளஸ் ஒன் அட்மிஷன் அன்றைக்கு அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி யூனிபார்மோடும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடும் என்னுடன் வந்தாள்.

பிரின்சிபால் என் மார்க்கைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இந்த மார்க்குக்கு பர்ஸ்ட் குரூப் தாங்காது. கணக்கு, பிசிக்ஸ் எல்லாம் ரொம்பக் கஷ்டம். காமர்ஸ் தர்றேன். நல்லா வருவா."

"சார், அது ஜொரத்துல எழுதுன பரீட்ச" என்றாள் அம்மா. "இப்ப ஜொரம் இல்ல. இப்ப எழுதச் சொல்லிப் பாருங்க."

"அப்படியெல்லாம் ரூல் இல்லம்மா."

"ரூலு இன்னா சார் ரூலு, ஒரு பேப்பரும் பேனாவும்தான கேக்கறேன்?"

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அட்மிஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணக்கு மிஸ் சிரித்துவிட்டார். "எழுதட்டுமே சார். சும்மா உக்காந்திருக்கிற நேரந்தானே" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வராந்தாவில் பெஞ்சு போட்டு எழுதினேன். அம்மா தூணோரம் நின்றபடி என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் அங்கேயே சிவப்புப் பேனாவால் திருத்தினார். ஒரு கூட்டல் மட்டும் தப்பு.

பிரின்சிபால் தாளைப் புரட்டிப் பார்த்தார். "சரி. ஆனா காலாண்டுப் பரீட்சையில ஒரு பாடம் போனாலும் குரூப் மாத்திடுவேன்." அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு மதிய ஷிப்டுக்கு ஓடினாள்.

காலாண்டில் பிசிக்ஸ் நூலிழையில்தான் பாஸ். அதுவரை தமிழில் படித்தவளுக்கு எல்லாமே ஆங்கிலத்தில் வந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. மற்ற அம்மாக்கள் "படிச்சியா?" என்று கேட்பார்கள். என் அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் "இன்னிக்கு எது வரல?" என்று கேட்பாள். அவளுக்கு அந்தப் பாடம் தெரியாது. இருந்தாலும் வராததை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். தப்பாய்ப் போன கணக்கை, விடையைப் பார்க்காமல், வரும்வரைக்கும் போடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஒருநாள் கணக்கு மிஸ் ஒரு வட்டம் வரைந்தார். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு போட்டால் வட்டம் இரண்டு துண்டாகும். மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. "ஆறு புள்ளிக்கு அதிகபட்சம் எத்தனை?" என்றார். வகுப்பே முப்பத்திரண்டு என்று கத்தியது. நானும்தான். "வரைஞ்சு எண்ணிட்டு வாங்க" என்றார். வீட்டில் வரைந்தேன். முப்பத்தொன்றுதான் வந்தது. ஒன்றை விட்டுவிட்டோம் என்று நினைத்துப் பெரிதாக வரைந்து, கலர் அடித்து எண்ணினேன். அப்போதும் முப்பத்தொன்று. காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. படித்தால் கணக்குத்தான் என்று அந்த வாரத்தில்தான் முடிவு செய்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட்டில் கணக்கு நூற்றுக்கு நூறு. பிசிக்ஸ் தொண்ணூற்றேழு. தெருவே என்னை இஞ்சினியரிங் சேர்க்கச் சொன்னது. மிஸ் மட்டும் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியைச் சொன்னார். "கணக்கு சீட்டுக்கு மார்க்கை வெச்சே முக்கால்வாசிப் பேரை வடிகட்டிடுவாங்க. உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. மிச்சம் உன் வாயில இருக்கு."

கூப்பிட்டார்கள். வராந்தா முழுக்கப் பெரிய பள்ளிகளில் படித்த பிள்ளைகள், மடியில் கனத்த பைல்கள், மழை மாதிரி ஆங்கிலம். என் பைலில் இருந்தவை இரண்டு மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் டி.சி.யும்தான். அம்மாவை வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மையார் என் பத்தாவது மார்க் ஷீட்டையும் பன்னிரண்டாவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"இங்கே ஐம்பத்திரண்டு, இங்கே நூறு. இதுல எது நீ?"

"ரெண்டும் நான்தான் மேடம்."

அம்மை போட்டதைச் சொன்னேன். "சரி, ஜுரம் விட்டுச்சு. அதுக்கப்புறம்?" என்றார். அவருக்கு வேண்டியது அதுதான் என்று புரிந்தது. வராந்தாவில் எழுதிய பரீட்சையைச் சொன்னேன். நூலிழையில் தப்பித்த காலாண்டைச் சொன்னேன். வட்டத்தைச் சொன்னேன்.

"ஆறு புள்ளிக்கு முப்பத்திரண்டுதானே வரும்?" என்று முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"முப்பத்தொண்ணு மேடம். எத்தன தரம் எண்ணினாலும் முப்பத்தொண்ணுதான்."

"எங்க ஸ்டூடன்ட்ஸே முப்பத்திரண்டுன்னு சொல்றாங்களே."

"அப்ப அவங்க வரைஞ்சு பாக்கல மேடம்."

ஓரத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மையார் ஒரு தாளைத் தள்ளினார். ஏன் ஒன்று குறைகிறது என்பதை, அதில் வரைந்து காட்டி, தமிழிலேயே விளக்கினேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட வந்த உதவியாளரை அவர் கையமர்த்தி நிறுத்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நூறு இல்லையென்றால் அந்த மேஜைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கவே முடியாது. மார்க் முக்கியமில்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நூறு வாங்கியவர்கள் அந்த வராந்தாவில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்குச் சீட் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததற்கு அந்த ஐம்பத்திரண்டும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒரு கேள்வியும் இருந்திருக்காது.

மத்தியானம் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். கூட்டத்தில் புகுந்து என் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அம்மா மரத்தடியில் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. என் கன்னத்தை அழுத்திக் கிள்ளி, "பசிக்குதுடி, வா சாப்புடலாம்" என்றாள். இரண்டு பேரும் ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டோம்.

ஊருக்குத் திரும்ப ஈசிஆரில் பஸ் ஏறியதும் கணக்கு மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அவர் கத்திய கத்தல் முன்சீட்டுக்கே கேட்டிருக்கும். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்காத அம்மா, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் "எம் பொண்ணுக்கு மெட்ராஸ்ல சீட் கெடச்சிட்டுதுபா" என்றாள். எந்தக் கல்லூரி என்று அவர் கேட்டார். சொன்னாள். "அடேங்கப்பா, அங்கயா!" என்றார் அவர். அவ்வளவுதான், அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். பின்சீட்டுப் பெரியவரிடம் திரும்பிச் சொன்னாள். மரக்காணத்தில் ஏறியவர்களுக்கு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் போதும் நிறுத்தும்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.