கம்பியில்லாத போனும் பக்கத்து வீடும்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து போன் பேச வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா அலுத்துக்கொள்வாள். கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த பிறகு அந்தச் சக்கரத்துக்குக் கட்டை போட்டது மாமியார் வீட்டுப் போன்தான். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் இருக்கும். சுருள் வயர் நீள்கிற தூரத்துக்குத்தான் நடக்கலாம்.

கணவர் ராணுவத்தில், வடக்கே குளிர் கொல்லும் ஓர் ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாமுக்கு வெளியே இருந்த பூத்தில் வரிசையில் நின்று கூப்பிடுவார். முதலில் அத்தை பேசுவார்கள், பிறகு மில்லில் ஷிப்ட் முடித்து வந்த கொழுந்தன், கடைசியாக நான். ரிசீவர் என் கைக்கு வந்ததும் டிவி சத்தம் தானாகக் குறைந்துவிடும். அவர் அங்கிருந்து என்ன கேட்டாலும் "ம்", "சரி", "ஆமா" என்பேன். ஒருமுறை "என்மேல கோவமா?" என்று கேட்டார். அதற்கும் "ம்" என்றுதான் சொல்ல முடிந்தது. அப்படியே குடும்பம் நடத்தினோம்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கம்பியில்லாத போன் இரண்டு கொண்டுவந்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒன்று எங்களுக்கு, மற்றொன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஏரியல் நீட்டிய பெட்டி ஒன்று ஹாலில் இருக்கும். கைக்கருவியை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதல் ஞாயிறே நான் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். மேற்கே மலை, கீழே தெரு, காதில் அவர். பிளவக்கல் அணையைத் திறந்துவிட்டது போலப் பேசினேன். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது, அதுகூட உறைக்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே பேசினேன்.

குடும்பத்தோடு தங்க ராணுவக் குவார்ட்டர்ஸ் கிடைக்கப் போகிறது என்ற செய்தி அந்த மாடியில்தான் எனக்கு வந்தது. போன தடவையும் கிடைத்தது. அத்தை போனில் அழுதார்கள்; அவர் வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் விட்டால் அவருடைய அடுத்த மாற்றல், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பக்கம்.

"அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். வீடு கைக்கு வந்த பொறவு சொல்லிக்கிடலாம்" என்றார்.

"அவிய அழுதா நீங்க மறுபடியும் கவுந்துருவீக" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தை காதுக்கு ஒரு சொல் போனால் என் குடித்தனம் போயிற்று. புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பெருமாளை அவசரமாகச் சேவித்துவிட்டுக் கடைத்தெருவில் ஸ்வெட்டர் தேடினேன். அந்த வெயிலில் ஸ்வெட்டர் கேட்ட என்னைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு வாங்கி அம்மா வீட்டுப் பரணில் ஒளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் திரும்பி வந்தேன். அடுத்த ஞாயிறு மாடியில் அவரிடம் மட்டும் சொன்னேன்.

அடுத்து நடந்தவைதான் என்னைப் பைத்தியமாக அடித்தன. ஒரு ஞாயிறு அவரிடம், "உங்கம்மா கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டுதாக" என்று சொல்லிச் சிரித்தேன். திங்கட்கிழமைக் குழம்பில் உப்பு குறைந்திருந்தது. இன்னொரு ஞாயிறு, என் அறை மின்விசிறி கடகடவென்று ஆடித் தூங்கவிடவில்லை என்றேன். அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து நின்றார். யார் கூப்பிட்டது என்று கேட்டால் அத்தை, "சத்தம் போடுதுல்லா" என்று உள்ளே போய்விட்டார்கள்.

கணவர்தான் அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு, குளிரில் வரிசையில் நின்று வந்தவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். "நான் எங்கட்டி சொன்னேன்?" என்று அவர் சத்தியம் செய்தார். பிறகு கொழுந்தன்மேல் சந்தேகம். படிக்கட்டில் நின்று ஒட்டுக் கேட்கிறானோ என்று திடீர் திடீரெனப் பேச்சை நிறுத்தி எட்டிப் பார்ப்பேன். படிக்கட்டில் பூனைதான் படுத்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வேறு, தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டை மடித்துச் சிரித்தாள். என் ரவிக்கைதான் கிழிந்திருக்கிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

விடை ஒரு புதன்கிழமை வந்தது. அம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போடலாம் என்று கைக்கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். டயல் சத்தத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. வத்திராயிருப்பில் இருக்கும் தன் தம்பியோடு தென்னந்தோப்புக் குத்தகையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அந்த விசில் என் காதில் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

அவள் பேசுவது எனக்குக் கேட்டால், நான் பேசியதெல்லாம் எங்கே போயிருக்கும்? மாடியில் நின்று என்னென்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். கணவன் மனைவி பேச்சு அது. தெருவில் மைக் வைத்துப் பேசியிருந்தால்கூட இவ்வளவு வெட்கம் வந்திருக்காது.

அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, அதற்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தேன். பெட்டியின் அடியிலும், கைக்கருவியில் பேட்டரிக்குப் பின்னாலும் எறும்பு அளவில் நான்கு சுவிட்சுகள் இருக்கின்றனவாம். இரண்டிலும் ஒரே மாதிரி வைத்தால்தான் அவை ஒன்றோடொன்று பேசுமாம். வாங்கியதும் அவரவர் விருப்பப்படி மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் யார் மாற்றினார்கள்? மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று உரிக்கவில்லை. கடையில் வைத்த சுவிட்ச் அப்படியே இருந்தது. வீட்டைக் கட்டி எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுத்தது போலத்தான். ஊக்கு ஒன்றை எடுத்து இரண்டு சுவிட்சுகளை மேலேயும் இரண்டைக் கீழேயும் தள்ளினேன். கைக்கருவியைப் பெட்டிமேல் வைத்து எடுத்தேன். டயல் சத்தம் மட்டும் கேட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அத்தை எடுத்தார்கள். "நல்லாருக்கியாப்பா, சாப்பிட்டியா, இந்தா அவகிட்டக் குடுக்கேன்" என்று எப்போதும்போல ஒரே மூச்சில் முடித்து என்னிடம் தந்துவிட்டு, "செத்த நேரம் அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார்கள். நான் மாடிக்கு ஏறினேன்.

"குவார்ட்டர்ஸ் சாவி வாங்குறதுக்குக் கையெழுத்துக் கேக்காங்க. நாளைக்குள்ள சொல்லணும்" என்றார் அவர்.

"போட்டுருங்க. அத்தைகிட்ட மூச்சு விடாதீக" என்றேன். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். கைப்பிடிச் சுவரோரம் நடந்தபோது கீழே பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலிலிருந்து அத்தை வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. முழங்கால் வலியால் வடாம் காயப்போடக்கூட மாடிக்கு வராதவர்கள்.

"போன் கெட்டுப்போச்சா?" என்றார்கள்.

"இல்லையே. பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அங்க கேக்கலையே" என்றார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உப்பு, மின்விசிறி, குழாயடிச் சிரிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. "எம்புட்டு நாளா?" என்றேன்.

"போன் வந்ததுல இருந்து."

"அந்த அக்காவையும் பக்கத்துல வச்சுக்கிட்டா? வெக்கமா இல்லையா அத்தை?"

"இருக்கு" என்றார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "என்கிட்டப் பேசும்போது அவன் டாக்டர் மாதிரி ரெண்டு கேள்வி கேட்டு வச்சிருவான். ஒன்கிட்டத்தான் சிரிக்கான். நீ மேல வந்த பொறவு அவன் சத்தமே வேற. அதைக் கேக்கத்தான் போனேன். ஒன் பேச்சைக் கேக்கப் போகல. அது காதுல விழுந்தா நான் என்ன செய்ய?"

போனில் அவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்ப்பக்கத்தைப் பொத்தினேன்.

"அப்ப குவார்ட்டர்ஸ் விஷயமும் தெரியும்" என்றேன்.

"தெரியும். ஒங்கம்மா வீட்டுல ஸ்வெட்டர் இருக்கதும் தெரியும். போன தடவை நான் அழுது கெடுத்தேன். இந்தத் தடவை வாயைத் தொறந்தா அழுதுருவேன்னுதான் சும்மா இருக்கேன். குடு."

கையை நீட்டினார்கள். எனக்குக் கொடுக்க மனசில்லை. கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நாள்தான் இருந்தது. இவர்கள் குரல் உடைந்தால் எல்லாம் போச்சு. இருந்தாலும் கொடுத்தேன். அவர்களுக்குக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. வாய்ப்பக்கத்தைப் பழக்கத்தில் கையால் மூடினார்கள். பிறகு இன்றைக்கு மூட வேண்டாம் என்று நினைவு வந்து எடுத்தார்கள்.

"எல, கையெழுத்துப் போட்டுரு. அவளைக் கூட்டிட்டுப் போ. அம்மா அழலை, கேளு, அழலை" என்றார்கள்.

குரல் உடையவில்லை. நானும் கருவிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். இப்போதாவது அவர் ஏதாவது சொல்வார், ஒரு வார்த்தை பெற்ற தாயிடம் சிரித்துப் பேசுவார் என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்றார் அவர். பிறகு, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றார்.

"போட்டேம்ப்பா" என்றார்கள் அத்தை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனார்கள்.