முழங்காலுக்கு மூன்று நிறக் குளிசை

எழுவைதீவில் உபதபாலதிபராக இருந்த காலத்தில் ஒருநாள் என் வலது முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. கதிரையை விட்டு எழும்ப ஏலாது. முத்திரை வாங்க வந்தவர்கள் முத்திரையை மறந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே கடைமருந்து வேண்டுமென்றால் கடல் கடந்துதான் வரவேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எந்த வள்ளம் போகும், எது எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒரு சாமான் தேவையென்றால் அக்கரைக்குப் போகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவதுதான் ஊர்வழக்கம். ஒருவர் மறந்தாலும் மற்றவர் கொண்டுவருவார். நானும் மூன்று பேரிடம் சொன்னேன். என் கெட்டகாலம், மூன்று பேரும் மறக்கவில்லை.

வள்ளச் சொந்தக்காரர் சம்மாட்டியார் ஊர்காவற்றுறையில் வாங்கி வந்தது வெள்ளைக் குளிசை. மச்சான் யாழ்ப்பாணத்தில் வாங்கியது மஞ்சள். பக்கத்து வீட்டு அக்கா, சரவணை ஊரில் இருக்கிற சொந்தக்காரர் தின்று மிச்சம் விட்ட சிவப்பைக் கொண்டுவந்தா. மூன்றும் கடதாசிச் சுருளில், பெயரில்லாமல்.

நிறம் வேறென்றால் வேலையும் வேறு என்று தீர்மானித்தேன். வெள்ளை நோவுக்கு, மஞ்சள் வீக்கத்துக்கு, சிவப்பு இரத்தத்துக்கு. ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் இந்த வைத்திய சாத்திரம் முழுவதையும் நானே இயற்றிவிட்டேன். மூன்றையும் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை விழுங்கினேன்.

"என்ரை குளிசை வேலை செய்யுதோ ஐயா?" என்று ஒவ்வொருவரும் தபால் கந்தோருக்கு வந்து கேட்டார்கள்.

"ஓம், உங்கடைதான் வேலை செய்யுது" என்று மூன்று பேருக்கும் சொன்னேன்.

நாலாம் நாள் வீக்கம் வற்றியது. கோயில்வரை நடந்துபோய்க் காலைக் காட்டிவிட்டு வந்தேன். ஆறாம் நாள் வயிற்றுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் எரிவு. அடுத்த நாள் காலை கக்கூசில் பார்த்தால், வள்ளத்துக்குப் பூசுகிற தார்போலக் கறுப்பாய்ப் போயிருந்தது. தலை சுற்றியது. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து என் மனிசியிடம் சொன்னேன்.

நான் பகிடிக்காரன் என்பதால் அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளும் பயந்தாள்.

சம்மாட்டியார் கடலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "காத்து சரியில்லை. எண்டாலும் போவம்" என்றார்.

என்னை வள்ளத்தில் தூக்கிக் கிடத்தினார்கள். தலை மனிசியின் மடியில். ஒவ்வொரு அலைக்கும் உள்ளே ஏதோ கிழிவதாகவே நினைத்தேன். பாதிக் கடலில் சம்மாட்டியார் குனிந்து கேட்டார்:

"ஐயா, என்ரை குளிசையாலையோ?"

"இல்லை அண்ணை, மற்ற ரெண்டாலையும்தான்."

சாகிற நேரத்திலும் மரியாதை போகவில்லை. அவர் மாதாவைக் கூப்பிட்டார். மனிசி நயினாதீவு அம்மாளைக் கூப்பிட்டாள். நான் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கலந்து பழகிவிட்டது.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கண்மடலை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமர்த்தினார். மனிசி சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த குளிசைகளை மேசையில் பரப்பினார்.

"இந்த வெள்ளையும் மஞ்சளும் ஒரே மருந்து. செய்த கொம்பனிதான் வேறை. சிவப்பு அதுக்குக் கிட்டின சொந்தம். மூண்டும் குடலை அரிக்கிற சாதி. சாப்பிட்டுட்டோ எடுத்தனீர்?"

"வெறுந் தேத்தண்ணியோடை."

"நோவுக்கு மருந்து கலந்து குடுக்கிறது நாங்களும் செய்யிறதுதான். வேறை வேறை வேலை செய்யிறதைப் பாத்துக் கலக்கிறது. நீர் ஒரே ஆளுக்கு மூண்டு சட்டை போட்டு உள்ளுக்கு விட்டிருக்கிறீர்."

"டொக்டர், நான் தப்புவனோ?"

"ரத்தம் நிண்டால் தப்புவீர். நிக்காட்டில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்போணும்."

அதற்குமேல் எனக்குப் பகிடி வரவில்லை. சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒரு மருந்தைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தேன். நாடியை நானே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அது ஓடினாலும் பயம், மெதுவானாலும் பயம்.

மூன்றாம் நாள் டொக்டர் வந்து கண்மடலை இழுத்துப் பார்த்தார். "நிண்டிட்டுது" என்றார். "கால் நோகுதோ?"

முழங்கால் திரும்பவும் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது.

"இல்லை டொக்டர், ஒண்டுமில்லை."

அவர் நம்பவில்லை. ஒரே ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்தார். "இது நோவுக்கு மட்டும். வயித்தில கை வைக்காது."

அவர் போனபிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் ஓரம் கரையத் தொடங்கியது. கடைசியில் நேர்ஸைக் கூப்பிட்டு, நான் விழுங்கி முடியும்வரை பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

நின்றா.