இருபத்தொன்பது சென்டிமீட்டர்

என் சித்தப்பாவின் கணக்கு சரியாக இருந்தது. அது தப்பு என்று அவரையே நம்பவைத்தவன் நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இப்போது தலையும் மீசையும் வெளுத்துவிட்டன. சின்னப் பையன்தானே என்று யாராவது சமாதானம் சொல்லலாம். செய்தது சின்னப் பையன்தான். ஆனால் அதன் பிறகு பதினைந்து வருடம் வாய் திறக்காமல் இருந்தவன் சின்னப் பையன் இல்லை.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. திருவண்ணாமலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறை வேலை பார்த்தார். பகலெல்லாம் பாஸ்போர்ட் முகங்களைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து வானத்தைப் பற்றிப் படிப்பார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஓர் ஒளி இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவை வெகுநேரம் திறந்து வைத்தால் ஃபிலிமில் விழும் என்று எதிலோ படித்திருந்தார். அன்றிலிருந்து அதே நினைப்பு. எங்கள் ஊரே அந்த நட்சத்திரத்தின் பெயரில் மலைமேல் தீபம் ஏற்றுகிறது. ஆனால் தீபத்தன்று முழுநிலா அதன் பக்கத்திலேயே நிற்கும். அண்ணாந்து அதைத் தேடியவர் ஊரில் இருந்ததாகத் தெரியவில்லை.

"நட்சத்திரம் எந்த ஊருக்குடா போவுது, அதுக்குப் பாஸ்போர்ட் எடுக்கற?" என்பார் அப்பா.

சித்தப்பா சிரித்துக்கொள்வார். அவருக்கு அது வெறும் ஆசை மட்டும் இல்லை. பக்கத்து மாவட்டத்து வானாய்வுக்கூடம் ஒன்றில் இருட்டறைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று ஸ்டுடியோவுக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். படிப்பு பெரிதாக வேண்டாம். தானே எடுத்துக் கழுவிய நட்சத்திரப் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் மேலதிகாரியிடம் பேசுவதாகவும் சொன்னார். ஒரே ஒரு படம் போதும்.

வானம் நகரும், கேமராவும் கூடவே நகர வேண்டும். அதற்கான கருவி வாங்க எங்கள் குடும்பத்தையே விற்றாலும் முடியாது. சித்தப்பா இரண்டு மரப்பலகைகளை ஒரு கதவுக் கீலால் இணைத்தார். கீலிலிருந்து இருபத்தொன்பது சென்டிமீட்டர் தள்ளி ஓட்டை போட்டு, கால் இஞ்ச் போல்ட் ஒன்றைக் கீழிருந்து ஏற்றினார். நிமிஷத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் மேல்பலகையும் அதிலிருக்கும் கேமராவும் வானத்தின் வேகத்திலேயே எழும். அந்த இருபத்தொன்பதை அவர் நோட்டில் நான்கு தடவை போட்டுப் பார்த்தார்.

தீபம் பதினொரு நாள் எரிந்து அணையும்வரை காத்திருந்தோம். அடுத்து வந்த அமாவாசை வெள்ளிக்கிழமை. அன்று இருட்டியதும் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போனோம். ஊர் வெளிச்சத்தை மலை மறைத்துவிடும் என்பதுதான் அந்த இடத்தின் விசேஷம். ஸ்டுடியோ முதலாளி கொடுத்த ரோலில் பாஸ்போர்ட் படங்கள் போக மூன்று படத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது. பத்துப் பத்து நிமிஷமாக மூன்று படம்.

முதல் படம் பாதியில் இருக்கும்போது ஒரு லாரி திரும்பி, வெளிச்சம் முழுவதையும் எங்கள் மேல் கொட்டியது. படம் போயிற்று. சித்தப்பா ஓடிப்போய் ரோட்டில் நின்று கத்தினார்.

"அண்ணே, இன்னும் அரமணி நேரம் இந்தப் பக்கம் லைட் போடாம வாங்கண்ணே!"

"லைட் போடாம வந்தா உன்மேல ஏத்திட்டுதான் வரணும். பரவால்லியா?" என்றார் டிரைவர்.

திரும்பி வந்த சித்தப்பா, குளிருக்குக் கொண்டுவந்த போர்வையை எடுத்துக்கொண்டார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார்.

"நான் ரோட்டாண்ட போர்வைய புடிச்சிக்கினு நிக்கறேன். நீ சுத்து. நிமிஷத்துக்கு ஒன்னு, பத்து ஆனதும் மூடிடு. அடுத்ததுக்கும் அதே மாதிரி. முடியுமில்ல?"

"இது என்ன சித்தப்பா, பம்பரமா? ஒரு போல்ட்டுதானே."

அவர் போனார். நான் மூன்று சுற்று ஒழுங்காகத் திருப்பினேன். அப்போது வயலுக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து டிவியில் சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. வாரத்தில் அரை மணி நேரம் கிடைக்கும் பாட்டு அது. அதை விட்டுவிட்டு வந்த ஆற்றாமை எனக்குச் சாயங்காலத்திலிருந்தே இருந்தது. வரப்பில் ஓடிப்போய், கூட்டத்துக்குப் பின்னால் எக்கி நின்று பார்த்தேன். திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது நிமிஷம் தாண்டியிருந்தது. மிச்சமிருந்த ஏழு சுற்றையும் மடமடவென்று திருப்பி, பத்தாவது நிமிஷத்தில் சரியாக மூடினேன். திங்கட்கிழமை காலையில் வீட்டுப்பாடத்தை முடிப்பதுபோலத்தான். மூன்றாவது படத்துக்கும் அதையே செய்தேன். நான் வரும்வரை வானம் காத்திருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் இருட்டறையில் என்னையும் பக்கத்தில் நிற்கவைத்து சித்தப்பா பிரிண்ட் போட்டார். முறைத்துப் பார்க்கும் பாஸ்போர்ட் முகங்களுக்குப் பிறகு ஒரு படம் ஒன்றுமில்லாமல் கிடந்தது. அடுத்த இரண்டிலும் நட்சத்திரங்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. ஈரத்தாளைச் சிவப்பு விளக்கடியில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கரெக்டா சுத்துனியாடா?"

"சுத்துனேன் சித்தப்பா."

"ஒன்னுகூட உட்டுடலயே? உட்டிருந்தா பரவால்ல, சொல்லு."

"ரெண்டுக்கும் பத்துப் பத்து சுத்து சுத்திட்டேன்."

எண்ணிக்கையில் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு திடமாகச் சொல்ல முடிந்தது. அவர் தாளைக் கிளிப்பில் மாட்டினார்.

"அப்ப என் கணக்குதான் தப்பு."

வேலைக்கு ஆள் எடுக்கும் நாள் கடந்து போனது. அவர் போகவில்லை. "ஒரு ஓட்டைய சரியா போடத் தெரியாதவன அங்க எதுக்கு எடுப்பாங்க?" என்று அப்பாவிடம் சொன்னார். அடுத்தடுத்த அமாவாசைகளில் தனியாகப் போனார். ஓட்டையை இரண்டு இரண்டு சென்டிமீட்டராக உள்ளே தள்ளிப் பார்த்தார், வெளியே தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வால் விழுந்தது. நோட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் இருபத்தொன்பது என்றே சொன்னது. முதல் ஓட்டையை அவர் திரும்பத் தொடவே இல்லை. அதை நான் சோதித்துச் சொல்லிவிட்டேன் அல்லவா? ஏழாவது ஓட்டையோடு நிறுத்திக்கொண்டு, கேமராவை என்னிடம் கொடுத்தார். "நீ படிக்கற பையன், வெச்சுக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன்.

நான் படித்தேன். கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஆனேன். சித்தப்பா வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தார். ஒரு மனுவுக்கு மூன்று பிரதி எடுத்தாலும், "எதுக்கும் நீங்க ஒருவாட்டி எண்ணிக்கோங்க" என்று நீட்டுவார். பாஸ்போர்ட் படம் வெட்டும்போது ஒரே அளவை மூன்று முறை அளப்பார். வெட்டுவதற்கு அடியில் வைக்கும் பலகையில் ஏழு ஓட்டைகள் இருந்தன. கடைக்குப் போகும்போதெல்லாம் நான் வாசலைப் பார்த்தே பேசினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு வெப்கேமை வைத்தே விண்மீன் மண்டலங்களைப் படம் எடுக்கிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். பிரவுசிங் சென்டர் ஒன்றில் கழித்துப்போட்ட வெப்கேமை வாங்கினேன். அதன் லென்ஸைக் கழற்றி, உள்ளே அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் சின்னக் கண்ணாடிச் சில்லைப் பிளேடால் நெம்பி எடுத்தேன். நொடிக்குப் பல படம் எடுக்கும் அது அரை நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி, ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஃபிலிம் ரோல் டப்பாவின் அடியை அறுத்து, ஒரு பக்கம் வெப்கேமையும் மறுபக்கம் சித்தப்பா கொடுத்த கேமராவின் லென்ஸையும் பொருத்தினேன். சித்தப்பாவிடம் "ஒரு வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பலகையையும் கீலையும் வாங்கிவந்தேன்.

தீபம் அணைந்த பிறகு வந்த அமாவாசையில், அதே வயலில், வெப்கேமைக் கல்லூரி மடிக்கணினியோடு இணைத்து, போல்ட்டை முதல் ஓட்டையில் ஏற்றினேன். நாற்பது நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு சுற்று. வீட்டுக்கு வந்து எண்பது படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டையாக நின்றன. அவற்றைச் சுற்றி, ஊதிவிட்ட கற்பூரப் புகைபோல, அந்த ஒளி.

அச்செடுத்து மறுநாளே கடைக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"எந்த ஓட்டை?"

"மொத ஓட்டை சித்தப்பா."

"இருபத்தொம்போதா?"

சொன்னேன். பஞ்சாயத்து டிவி, ஏழு சுற்று, எல்லாவற்றையும். ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ன பாட்டுடா போட்டான்?"

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அவர் தாளை மேசை டிராயரில் வைத்துவிட்டு, மனுவோடு நின்றவரைப் பார்த்து, "எத்தன காப்பி?" என்றார். ஒரு மாதம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் போன் வந்தது. "வர்ற அமாவாசைக்கு அந்த வெப்கேம எடுத்துக்கினு வா."

போனோம். எல்லாவற்றையும் அவரே பொருத்தினார். நான் பழக்கத்தில் போல்ட்டின் மேல் கை வைத்தேன்.

"நீ வுடு" என்றார். பைக்குள்ளிருந்து ஒரு போர்வையை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரோட்டாண்ட போ. வண்டி வந்தா புடி."

வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் போர்வையை விரித்துப் பிடித்து நாற்பது நிமிஷம் நின்றேன். தோள்பட்டை கடுத்தது. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் போர்வை விலகும். அவர் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று நம்புவதைத் தவிர அங்கே நிற்பவனுக்கு வேறு வேலை இல்லை. ஒரு பதினான்கு வயதுப் பையனை நம்பி அவர் அன்று அப்படித்தான் நின்றிருக்கிறார்.